பழைய டேனிஷ் தேக்குக் கதிரை இரண்டு வாங்கினேன், இழைத்து வார்னிஷ் அடிக்கலாமா?

யூலாண்ட்_வாசி
சனி, மாலை 5:12

எல்லோருக்கும் வணக்கம். டென்மார்க்கில் யூலாண்ட் பக்கம் இருக்கிறேன். போன கிழமை பக்கத்து ஊரில் ஒரு வயதான அம்மா காலமாகி, பிள்ளைகள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் குவித்த சாமான்களுக்கு நடுவே கை வைத்த கதிரை இரண்டு கிடந்தது. இரண்டுக்கும் சேர்த்து 1500 குரோனர் கொடுத்து, காரின் பின் சீற்றை மடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். "ஃபின் யூல் செய்ததாக இருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியாது" என்றான் விற்ற மகன். ஃபின் யூல் என்பவர் பேர்போன டேனிஷ் நாற்காலி வடிவமைப்பாளராம்.

தேக்குத்தான் என்று அப்பா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி மணந்தும் பார்த்தார், பழைய தோல் மாதிரி ஒரு மணம். கை வைக்கும் இடம் கறுத்துப் பிசுபிசுக்கிறது. மெத்தையைத் தூக்கினால் கீழே ரப்பர் பட்டி ஐந்தாறு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஒரு கதிரை உட்கார்ந்தால் இடப்பக்கம் ஆடுகிறது. மெத்தைத் துணி பாசிப் பச்சைக் கம்பளி, அதில் நாய் மணம் வேறு.

என் யோசனை: மெஷின் வைத்து எல்லாவற்றையும் இழைத்துவிட்டு, பளபளவென்று வார்னிஷ் இரண்டு தடவை, கறுப்பு ரெக்சினில் புது மெத்தை. எந்த வார்னிஷ் நல்லது என்று சொல்லுங்கள்.


வஜ்ரப்பசை
சனி, மாலை 5:31

மெஷினைப் பெட்டியிலேயே வையுங்கள். வார்னிஷ் கதை அப்புறம்.

முதலில் கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம், பின் குறுக்குச் சட்டத்தின் அடி, கைக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். சூட்டு முத்திரை, வட்டத் தகடு, ஒட்டிய காகிதம், எண் ஏதாவது இருக்கும். துடைக்காதீர்கள், பழைய ஸ்டிக்கர் ஈரத்துணி பட்டாலே உரிந்துவிடும். அப்படியே படம் எடுத்துப் போடுங்கள்.

(நான் ஓடென்சவில் ஒரு மரவேலைப் பட்டறையில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒரு டேனிஷ் நாற்காலியாவது இழைத்துக் கெட்டுப்போய் எங்களிடம் வரும். அந்தக் கடுப்பில்தான் இப்படி எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)


நேர்_பேச்சு
சனி, இரவு 7:05

உட்காருவதற்கு ஒரு நாற்காலி. அதற்கு டார்ச், முத்திரை, புலன் விசாரணை! அவர் காசு, அவர் நாற்காலி, அடிக்கட்டுமே வார்னிஷ். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து தேக்கு பெஞ்சுக்கு நாலு தடவை வார்னிஷ் அடித்தாயிற்று, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.


யூலாண்ட்_வாசி
சனி, இரவு 9:48

கவிழ்த்துப் பார்த்தேன். பின் குறுக்குச் சட்டத்தில் மரத்தைக் குழித்து ஒரு சின்ன வட்டத் தகடு பதித்திருக்கிறது. "ஃபிரான்ஸ் அண்ட் சன், மேட் இன் டென்மார்க்" என்று வாசிக்க முடிகிறது. பக்கத்தில் மூன்று இலக்க எண், கடைசி இலக்கம் மங்கல்.

எனக்குக் குழப்பம். பிரான்ஸில் செய்ததா, டென்மார்க்கில் செய்ததா?


சீவல்_கட்டை
சனி, இரவு 10:30

இதே கேள்வியை டொராண்டோவில் என்னிடம் வாடிக்கையாளர்கள் நூறு தடவையாவது கேட்டிருப்பார்கள். ஃபிரான்ஸ் என்பது ஆள் பெயர். சார்ல்ஸ் ஃபிரான்ஸ் என்ற ஆங்கிலேயர். எரிக் டாவர்கோசன் என்ற டேனிஷ் தச்சரோடு சேர்ந்து கோபன்ஹேகன் பக்கத்தில் மெத்தை செய்துகொண்டிருந்தார்கள். ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன் என்றுதான் கம்பெனிக்குப் பெயர். 1957இல் ஃபிரான்ஸ் அண்ட் சன் என்று மாறியது. 1960களின் பின்பாதியில் போல் கடோவியஸ் என்பவர் கைக்குப் போய் "கடோ" ஆனது. ஆகவே உங்கள் தகடே வயதைச் சொல்லிவிடுகிறது: 1957க்கு அப்புறம், ஒரு பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள்.

மெத்தைக்காரர்கள் என்பதால் இருக்கை மெத்தைக்குள்ளே கம்பிச் சுருள் வைத்துச் செய்தார்கள். உங்கள் மெத்தையை அமுக்கிப் பாருங்கள், உள்ளே சுருள் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் நாய் மணத்துக்காக அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. தேக்குக்குள் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, சாதாரண எஃகு ரம்பத்தை சீக்கிரம் மொட்டையாக்கிவிடும். நம்மூர் ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள், தேக்கு வேலை என்றால் இழைப்புளியைத் தீட்டித் தீட்டியே பாதி நாள் போய்விடும். தொழிற்சாலையில் மெஷின் போட்டு தேக்கு அறுப்பது அதனாலேயே கஷ்டமாக இருந்தது. ஃபிரான்ஸ் ஆட்கள் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த கருவிகளைக் கொண்டுவந்து அந்தத் தடையைத் தாண்டினார்கள். நாற்காலியைக் கழற்றித் தட்டையாகப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்புகிற மாதிரியும் வடிவமைத்தார்கள். எங்கள் வட அமெரிக்காப் பக்கம் இத்தனை டேனிஷ் தேக்கு கிடைப்பதற்கு அந்த அட்டைப் பெட்டிகளும் ஒரு காரணம்.


யூலாண்ட்_வாசி
சனி, இரவு 10:52

சுருள் இருக்கிறது! அப்படியென்றால் ஃபின் யூலா?


சீவல்_கட்டை
சனி, இரவு 11:10

அவசரப்படாதீர்கள் தம்பி. அந்தக் கம்பெனிக்கு ஃபின் யூலும் வரைந்தார், பீட்டர் விட் - ஓர்லா மோல்கார்ட் நீல்சன் ஜோடியும் வரைந்தது, ஓலே வான்ஷர், கிரெட்டே யால்க், ஆர்னே வோடர் எல்லோரும் வரைந்தார்கள். தகடு எல்லாவற்றிலும் ஒன்றுதான். விலைதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால்தான் விற்கிறவன் எல்லோருக்கும் எல்லா நாற்காலியும் ஃபின் யூல்.

உங்கள் படத்தில் முதுகு நெடுக நேர்க்குச்சிகள், கை துடுப்பு மாதிரி. என் கண்ணுக்கு யூல் மாதிரி தெரியவில்லை. யூல் நாற்காலியில் இருக்கை சட்டத்தைத் தொடாமல் மிதப்பது போல நிற்கும், முதுகைத் தாங்குகிற பாகமும் தனியாகப் பிரிந்து தெரியும். அந்த மங்கல் எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள், பழைய விலைப்பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.


பழம்பொருள்_பித்து
ஞாயிறு, காலை 8:15

நடுவில் ஒரு சந்தேகம். சென்னையில் ஒரு பழம்பொருள் வியாபாரி "தரங்கம்பாடி டேனிஷ் சேர்" என்று ஒரு தேக்கு நாற்காலியைக் காட்டினார். டேனிஷ்காரர்கள் நம் ஊரிலிருந்துதான் தேக்கு கொண்டுபோனார்களா? அதே மாதிரி குறுக்குக் கால் போட்டுப் பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி ஒன்றும் இணையத்தில் லட்சக்கணக்கில் போகிறதே, அதுவும் டேனிஷா?


வஜ்ரப்பசை
ஞாயிறு, காலை 10:02

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இலிருந்து 1845 வரை இருந்தார்கள், கோட்டையை விற்றுவிட்டுப் போனபோது ஃபின் யூல் பிறக்கவே இல்லை. இந்த நாற்காலிகள் அதற்கு நூறு வருடம் பின்னால். வியாபாரியிடம் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பிரம்பு போட்டது சண்டிகருக்காக பியர் ஜானரே என்ற கட்டடக் கலைஞரின் குழு வடிவமைத்த அலுவலக நாற்காலி, 1950களில் இந்தியாவிலேயே செய்தது. அதற்கும் டென்மார்க்குக்கும் உறவு கிடையாது.

தேக்கு சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவிலிருந்தும் போனது. பாங்காக்கில் தொழில் செய்த ஹா. நீ. ஆண்டர்சன் என்ற டேனிஷ்காரர் 1897இல் கோபன்ஹேகனில் கிழக்காசியக் கம்பெனி ஆரம்பித்தார். சயாம் தேக்கு வியாபாரம்தான் அதன் அடிப்படைகளில் ஒன்று. ஆகவே மரம் டேனிஷ் துறைமுகத்துக்குப் புதிதல்ல. ஆனால் நல்ல தச்சர்கள் வீட்டுச் சாமான்களுக்கு அதை அவ்வளவாகத் தொடவில்லை. வடிவமைப்பாளர் கோரே கிளின்ட் 1924இல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் அறைகலன் பிரிவு ஆரம்பித்த காலத்தில் மஹோகனிக்குத்தான் மரியாதை. யூலும் அவருடைய தச்சர் நீல்ஸ் வோடரும் 1940களில் தேக்கில் நாற்காலி செய்து தச்சர் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் வைக்க ஆரம்பித்த பிறகுதான் காற்று திரும்பியது. அந்தக் கண்காட்சி 1927 முதல் 1966 வரை வருடம் தவறாமல் நடந்தது.

சொல்லுக்கு மட்டும் நாமும் மலையாளிகளும் உரிமை கொண்டாடலாம். தேக்கு என்பது போர்ச்சுக்கீசியர் வாயில் தேக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆகி, அதே எழுத்துக்களோடு டேனிஷுக்கும் வந்து சேர்ந்தது. இவர் கதிரை என்கிறாரே, அது போர்ச்சுக்கீசிய கதேய்ரா. நாற்காலி என்று எழுதுகிற நாங்கள் இவருக்குத் தூய தமிழ்க்காரர்களாகத் தெரிவோம்.


யூலாண்ட்_வாசி
ஞாயிறு, மதியம் 1:20

அண்ணா, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். நீங்கள் முதல் பதிலை எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு கையில் பாதியை மெஷினால் இழைத்துவிட்டேன். 80 நம்பர் உப்புத்தாள். இரண்டு நிமிஷம்தான் இருக்கும். இப்போது அந்த இடம் மட்டும் பச்சையும் மஞ்சளும் கலந்து திட்டுத் திட்டாக நிற்கிறது, மற்றப் பாதி கறுப்பு. அதோடு நேற்றிரவு முழுக்கத் தும்மல், முழங்கை வரை தடித்து அரிக்கிறது. மரத்தில் ஏதாவது பூச்சியா?


வஜ்ரப்பசை
ஞாயிறு, மதியம் 1:55

பூச்சியில்லை, தேக்குத் தூளே சிலருக்கு அப்படித்தான் ஒத்துக்கொள்ளாது. பட்டறையில் எனக்கும் உண்டு. இனிமேல் முகக்கவசம் போட்டு, முழுக்கைச் சட்டையோடு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். அரிப்பு அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். புதிதாக இழைத்த தேக்கு அப்படித்தான் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்டு நிற்கும். வெளிச்சம் பட்டால் சில வாரத்தில் பொன்பழுப்புக்குத் திரும்பிவிடும். எனக்குக் கவலை வடிவம்தான்.

ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இழைக்காத கதிரையின் கையை முன்முனையிலிருந்து பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போங்கள். முன்னால் அகலமாக, லேசாகக் குழிந்து இருக்கும், உள்ளங்கை அங்கே போய்த் தானாக உட்காரும். நடுவில் மெலியும். பின்னங்காலைச் சேருகிற இடத்தில் மறுபடி தடிக்கும். மேல்பக்கமும் வெளிப்பக்கமும் சந்திக்கிற விளிம்பு முன்னால் உருண்டையாக இருக்கும், பின்னால் போகப் போகக் கூர்மையாகி ஒரே கோடாக ஓடும். விரல் நுனிக்குத் தெரியும், கண்ணுக்கு நிழலாகத் தெரியும். அந்தக் கோட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வட்டமாகச் சுற்றுகிற மெஷின் அதன்மேல் பத்து வினாடி போனால் கோடு போயிற்று, கை வெறும் கட்டையாகிவிடும். அதைத்தான் கெட்டுப்போவது என்று சொன்னேன். இப்போது இழைத்த கையிலும் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


யூலாண்ட்_வாசி
ஞாயிறு, மதியம் 2:30

தடவிப் பார்த்தேன். பின்பக்கக் கோடு தப்பித்திருக்கிறது. முன்முனையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம், கட்டை விரல் அளவு. அப்பாவையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். "மெஷினை யார் கண்டுபிடித்தது" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.


நேர்_பேச்சு
ஞாயிறு, மாலை 4:44

சரி, வடிவம் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார்னிஷ் ஏன் கூடாது? காபி சிந்தினால் துடைத்துவிடலாம். எண்ணெய் போட்டால் வருடா வருடம் அதைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்க வேண்டாமா?


வஜ்ரப்பசை
ஞாயிறு, மாலை 5:20

நியாயமான கேள்வி. காபி மேசைக்கு வார்னிஷ் கேட்டால் நானே சில சமயம் சரி என்று சொல்வேன். நாற்காலிக் கையில் என்ன சிக்கல் என்றால், வார்னிஷ் மேலே தோலாக நிற்கும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் நாளும் பட்டு அந்தத் தோல் ஒரு இடத்தில் உரிய ஆரம்பிக்கும், அங்கே மட்டும் திருத்த முடியாது, முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுரண்டும்போது மறுபடி அந்த விளிம்புக்கோடு ஆபத்தில். எண்ணெய் போட்ட மரத்தில் கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்து, அங்கே மட்டும் எண்ணெய் போட்டால் தீர்ந்தது. அதோடு தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், சரியாகத் துடைக்காமல் அடித்த வார்னிஷ் சில சமயம் காயவே காயாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் தாத்தா பெஞ்சுக்கு அடித்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்திருப்பார்.

இனி கறுப்பு. அது மரத்தின் நிறமில்லை, ஐம்பது அறுபது வருடக் கை அழுக்கும் பழைய மெழுகும். வைட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கிற திரவம்) ஊற்றிய துணியால் துடைத்தாலே பாதி வந்துவிடும். மிச்சத்துக்கு நான்கு பூஜ்யம் போட்ட மெல்லிய ஸ்டீல் வூலை அதே வைட் ஸ்பிரிட்டில் நனைத்து, ரேகை ஓடுகிற திசையிலேயே, அழுத்தாமல். துணி கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த பள்ளத்தை 240, அப்புறம் 320 நம்பர் தாளில் கையாலேயே தேய்த்து, சுற்றியுள்ள இடத்தோடு சமமாக இறக்கிவிடுங்கள். பிறகு தேக்கு எண்ணெய் மெல்லிசாக ஒரு தடவை, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்து, மறுநாள் இன்னொரு தடவை. அவ்வளவுதான்.


ஒஸ்லோ_அக்கா
ஞாயிறு, இரவு 8:08

தம்பி, எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆளிவிதை எண்ணெய் கலந்த எண்ணெய் என்றால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது சூடு கிளம்பும், சுருட்டி வைத்தால் சூடு உள்ளேயே சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். நான் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இரவு பதினொரு மணிக்கு மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார், புகை வருகிறதென்று. வாளியின் அடி உருகிப் பால்கனித் தரையோடு ஒட்டிக்கொண்டது. துணியைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

ஏமாந்த கதையும் ஒன்று. இரண்டு வருடம் முன்னால் இணையத்தில் ஒருவரிடம் "டேனிஷ் தேக்கு, அசல்" என்று ஒரு ஜோடி வாங்கினேன், தகடெல்லாம் இருந்தது. கால் அடியில் தேய்ந்த இடத்தைப் பார்த்தால் வெள்ளை மரம்! பீச் மரத்துக்குச் சாயம் பூசியது. தகடு வேறு எங்கிருந்தோ கழற்றி ஒட்டியது. கழற்றிப் பார்த்தபோது அடியில் மரம் சுற்றி உள்ள அதே நிறம். பல வருடம் அங்கேயே இருந்த தகடு என்றால் அடியில் வெளிச்சம் படாத வட்டம் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இது மாதிரி வாங்கினால் முதலில் கால் அடியைப் பாருங்கள், அங்கே யாரும் சாயம் பூசுவதில்லை.


யூலாண்ட்_வாசி
திங்கள், இரவு 9:15

துணியைக் கொடியில் போட்டாயிற்று அக்கா, மிக்க நன்றி. இன்றைக்கு ஒரு கை முடித்தேன். கறுப்புக்குக் கீழே இருந்து ரேகை வந்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, இவ்வளவு நெருக்கமான கோடுகளா! துணி பத்து கிழிந்தது.

அடுத்தது ஆட்டம். இடப்பக்கம் பின்னங்காலும் பக்கச் சட்டமும் சேருமிடம். கையால் இழுத்தால் அரை விரல்கடை இடைவெளி தெரிகிறது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை விட்டு இறுக்கிக் கட்டிவிடட்டுமா?


வஜ்ரப்பசை
செவ்வாய், காலை 6:50

அப்படியே விட்டால் ஆறு மாசத்தில் திரும்ப ஆடும், பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. மூட்டை முழுக்கக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்திலும் டேப் ஒட்டி எண் போடுங்கள், இடது வலது மாறிவிட்டால் அழுதாலும் சேராது. ரப்பர் சுத்தியல், கீழே ஒரு பழைய போர்வை. வராவிட்டால் அடித்து நொறுக்காதீர்கள், எங்கேயாவது ஆணியோ திருகோ ஒளிந்திருக்கும், பின்னால் யாராவது அவசரத்துக்கு அடித்தது.

கழற்றியதும் பசையைப் பாருங்கள். பழுப்பாகக் கண்ணாடி மாதிரி நொறுங்கினால் அது வஜ்ரம், விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பழைய பசை, வெந்நீர்த் துணி சுற்றி வைத்தால் கரைந்துவிடும். என் புனைபெயரே அதுதான். வெள்ளையாக ரப்பர் மாதிரி இழுபட்டால் பின்னால் யாரோ திருத்தியிருக்கிறார்கள், உளியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எதுவானாலும் மரம் வரை எடுத்துவிட்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். தேக்கின் எண்ணெய் மேலே வந்து பசையைத் தள்ளிவிடும், அதற்காக. துடைத்தவுடன் ஒட்டி, கிளாம்ப் போட்டு, நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு நாள் தொடாமல் விடுங்கள். இந்தச் சமம் பார்க்கிற வேலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பசை காய்ந்த பிறகு ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் தூக்கி நிற்கும்.

ரப்பர் பட்டி: அது பிரெல்லி வெப்பிங். ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் மீட்டர் கணக்கில் இன்றைக்கும் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப் கவ்வியிருக்கும், அந்தக் கிளிப் சட்டத்திலுள்ள காடிக்குள் போய் உட்காரும். கிளிப்பைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், துருவை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். காடிக்குக் காடி அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டுங்கள். அதைவிட இறுக்கினால் சட்டம் உள்ளே வளையும், தளர்த்தினால் உங்கள் அப்பா தரையில் உட்காருவார்.


சீவல்_கட்டை
செவ்வாய், மாலை 6:30

எண்ணைத் தேடினேன். கடைசி இலக்கம் தெரியாததால் மூன்று வடிவம் வருகிறது, மூன்றும் யூல் இல்லை. பீட்டர் விட் ஜோடி பக்கம்தான் என் கை சாய்கிறது, நிச்சயம் என்று எழுதித் தர மாட்டேன். நீங்கள் கொடுத்த விலைக்கு இது கொள்ளை மலிவு, அதில் சந்தேகமில்லை.

யாராவது வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் ஒரு வார்த்தை: தேக்குக்குத் தடையில்லை. இதே கம்பெனிகள் பிரேசில் ஈட்டியிலும் நாற்காலி செய்தன, அந்த மரம் 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழையது என்றாலும் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள். கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடினால் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.


பழம்பொருள்_பித்து
புதன், காலை 9:00

இப்போது புதிதாகச் செய்கிற மாதிரிகள் இவ்வளவு கனமாகவும் நெருக்கமான ரேகையாகவும் ஏன் இல்லை?


சீவல்_கட்டை
புதன், மாலை 7:12

மரம் கிடைக்க வேண்டாமா? தாய்லாந்து 1989இல் இயற்கைக் காட்டில் வெட்டுவதையே நிறுத்திவிட்டது. பர்மாவின் அரசு மர நிறுவனத்தின் மேல் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூனில் தடை போட்டது. மிச்சம் தோட்டத் தேக்கு, அவசரமாக வளர்ந்து இளசிலேயே வெட்டுவது. வைரம் பாய நேரமில்லை, வெள்ளைப் பகுதி அதிகம், ரேகை அகலம். நல்ல கம்பெனிகள் இதே வடிவங்களை இன்று பெரும்பாலும் ஓக்கிலும் வால்நட்டிலும் செய்வதற்கு அதுவும் காரணம்.


வஜ்ரப்பசை
புதன், இரவு 8:40

யூலாண்ட் தம்பி, நேரம் கிடைத்தால் தண்டர் ஊருக்குப் போய் வாருங்கள், டேனிஷ் நாற்காலி வடிவமைப்பாளர் வெக்னர் பிறந்த ஊர். பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குள் மாடி மாடியாக அவருடைய நாற்காலிகளை வைத்திருக்கிறார்கள். 1949இல் செய்த அந்த வட்ட நாற்காலியை, 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்தார்களே அதைத்தான், பின்பக்கம் போய்ப் பாருங்கள். முதலில் முதுகில் மரத்துண்டுகள் சேருமிடம் அவருக்குத் திருப்தியாக இல்லை என்று பிரம்பு சுற்றி மறைத்திருந்தார். அடுத்த வருடமே பல் பல்லாகக் கோத்த மூட்டாக மாற்றிப் பிரம்பை எடுத்துவிட்டார், மூட்டே அலங்காரமாகிவிட்டது. நீங்கள் ஒரு மூட்டைக் கழற்றிச் சேர்த்த கையோடு போய்ப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.


யூலாண்ட்_வாசி
ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 7:25

இரண்டு கதிரையும் முடிந்தது, படம் போட்டிருக்கிறேன். மூட்டில் வஜ்ரம்தான் இருந்தது, வெந்நீரில் கரைந்து ஆட்டிறைச்சி அவித்த மணம் வந்தது. நாலு காலும் சமம், இரண்டு முறை பார்த்தேன். மெத்தைச் சுருளை வைத்துக்கொண்டு மேலே சாம்பல் நிறக் கம்பளி. நான் இழைத்த இடம் மற்றக் கையோடு ஏறக்குறைய சேர்ந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்தால் கட்டை விரல் தானாக அந்தப் பள்ளத்துக்குப் போகிறது. அதை நிரப்பவில்லை.

புதுப் பிரச்சினை: அப்பா உட்கார்ந்தார், நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் எழும்ப முடியவில்லை. இருக்கை உயரம் 38 சென்டிமீட்டர்தான். நான் கை கொடுத்துத் தூக்கினேன். இப்போது கதிரைக்குப் பக்கத்தில் தன்னுடைய வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அதில் இருந்துகொண்டு, தேக்குக் கதிரையின் கையில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிறார். கால்களுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் கட்டை வைத்து உயர்த்தலாமா?


சீவல்_கட்டை
ஞாயிறு, இரவு 7:40

காலில் ஆணி, திருகு எதுவும் போடாதீர்கள்! பாதி விலை போய்விடும்.


யூலாண்ட்_வாசி
ஞாயிறு, இரவு 7:44

விற்கப் போவதில்லை அண்ணா.


வஜ்ரப்பசை
ஞாயிறு, இரவு 8:01

காலைத் தொட வேண்டாம். கிண்ணம் மாதிரி நடுவில் குழித்து நாலு கட்டை செய்யுங்கள், கால் அதற்குள் இறங்கி நிற்கும், வேண்டாத நாளில் எடுத்துவிடலாம். பின்கட்டை முன்கட்டையைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம் கூட இருக்கட்டும், சாய்வு குறைந்தால் எழுந்திருக்க லேசாக இருக்கும். குழிக்குள் ஒரு துண்டுக் கம்பளி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் கோப்பைக்கு அடியில் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள் அப்பாவை.


நேர்_பேச்சு
ஞாயிறு, இரவு 8:15

இதற்குத்தான் வார்னிஷ் அடியுங்கள் என்றேன்.